கல்யாண நிபுணர்கள்

என் அக்காளின் மூத்த மகளுக்குப் போன ஆவணியில் கல்யாணம். அதற்கு மூன்று மாதம் முன்னால் சென்னையிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. கடிதம் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். கைபேசியில் வந்த பதினோரு பக்கப் படிவம் அது. அனுப்பியவர் ஒரு கல்யாண நிபுணர். பல் வைத்தியத்துக்கும் வருமான வரிக்கும் நிபுணர்கள் இருப்பதுபோல, கல்யாணத்தைச் சொந்தக் கல்யாணமாக்கிக் கொடுப்பதற்கும் இப்போது நிபுணர்கள் இருக்கிறார்கள். படிவத்தின் தலைப்பு, ‘உங்கள் கல்யாணம், உங்கள் முத்திரை.’ உள்ளே நாற்பத்திரண்டு அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சின்னச் சதுரம். வேண்டிய சதுரங்களில் ஒரு கோடு இழுத்துவிட்டால் போதும். முத்திரை விழுந்துவிடும்.

பெண்ணின் தாய்மாமன் என்ற முறையிலும், கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையிலும், என் தலையில் இரண்டு அம்சங்கள் விழுந்திருந்தன. பத்தொன்பதாவது அம்சம், ‘பெண்ணும் பிள்ளையும் சந்தித்த கதை.’ நானூறு வார்த்தைகளில் நான் எழுதித் தரவேண்டும். மண்டப வாசலில் பெரிய பலகையில் அச்சிட்டு நிறுத்துவார்கள். முப்பத்தோராவது அம்சம், தாய்மாமன் மேடையேறி மூன்று நிமிஷம் பேசவேண்டியது. பேச்சில் கண் கலங்கும் இடம் ஒன்று அவசியம் என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தது. எனக்கு இருபது வருஷமாகக் கதை வாங்கி வெளியிட்ட ஆசிரியர்கள்கூட இவ்வளவு தெளிவாக உத்தரவு போட்டதில்லை.

சரி, எழுதிவிடுவோம் என்று மருமகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். “எப்படிச் சந்தித்தீர்கள்?”

“என்ன மாமா, உங்களுக்குத் தெரியாதா? அம்மா தரகரிடம் ஜாதகம் கொடுத்தாள். அவர்கள் வந்தார்கள். பஜ்ஜி சாப்பிட்டார்கள். போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். சொல்லியனுப்பினார்கள்.”

இதை நிபுணரிடம் தொலைபேசியில் சொன்னேன். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண், மரியாதை தெரிந்தவள், அவளைக் கேலி செய்ய எனக்கு உத்தேசமில்லை. ஒரு விநாடிகூடத் தயங்காமல், “பஜ்ஜியையே தீம் ஆக்கிவிடலாம் சார்” என்றாள்.

ஆக்கினார்கள். வரவேற்பன்று வாசலில் ஒரு தள்ளுவண்டி நின்றது. பக்கத்துத் தெருவில் நிஜமாகவே பஜ்ஜி போடுகிறவரின் வண்டியல்ல. இதற்காகவே செய்து, வர்ணம் பூசி, மின்விளக்கு மாட்டிய வண்டி. ஒரு பஜ்ஜிக்கு என்ன விலை விழுந்தது என்பதைக் கணக்குப் பார்த்து நான் மட்டும் தெரிந்துகொண்டேன். அக்காளுக்குச் சொல்லவில்லை.

கல்யாணம் முடிந்த மூன்றாம் வாரம் மதுரையில் ஒரு சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். வாசலில் பலகை. அதே அளவு, அதே பொன்னிற எழுத்து, அதே ஓரத்து இலைக்கொடி. அவர்கள் கதையில் பஜ்ஜிக்குப் பதிலாக வடிகட்டின காப்பி. உள்ளே போனால், மறைந்த தாத்தாவின் படத்துக்கு விளக்கு அலங்காரம், விருந்தினர் கட்டைவிரல் ரேகை பதிக்கும் மரம், பெண்ணின் பெயரையும் பிள்ளையின் பெயரையும் பாதிப் பாதி வெட்டி ஒட்டிய ஒரு புதுச் சொல், பெண் ஆடிக்கொண்டே மண்டபத்துக்குள் நுழைவது, எல்லாம் வரிசையாக வந்தன. இருபத்தாறாவது அம்சம் முடிந்தது, இனி இருபத்தேழாவது என்று என்னால் முன்கூட்டியே பக்கத்திலிருந்தவரிடம் சொல்ல முடிந்தது. அவர் என்னை ஜோசியன் என்று நினைத்திருக்கக்கூடும்.

பள்ளிக்கூடத்துச் சீருடை தைக்கிற தையற்காரரிடம் போய், என் பையன் சட்டை மட்டும் தனியாகத் தெரியவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. கல்யாண நிபுணரிடம் மட்டும் அப்படிக் கேட்கிறோம். அவரும் ஆகட்டும் என்று அதே துணியில் அதே அளவில் தைத்துத் தருகிறார். இதில் புதுமை ஒன்றும் இல்லை. 1840-இல் விக்டோரியா மகாராணி தன் கல்யாணத்துக்கு வெள்ளை உடை உடுத்தி, உள்நாட்டுப் பின்னல் தொழிலாளர் பிழைக்கட்டும் என்று ஹானிட்டன் பின்னலைத் தேர்ந்தெடுத்தாள். அது அந்தப் பெண்ணின் சொந்த யோசனை. அவளுக்கு அப்புறம் வந்த லட்சோபலட்சம் பெண்களுக்கு வெள்ளை உடை சட்டமாயிற்று. பின்னல்காரரின் பிழைப்பைப் பற்றிய நினைவு ஒருத்திக்கும் இருந்திருக்காது.

“பணம் அவர்கள் பணம், ஆசை அவர்கள் ஆசை, சிறுசுகள் ஒருநாள் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும்; உமக்கென்ன வயிற்றெரிச்சல்?” என்று கேட்கிறவர்கள் உண்டு. என் வீட்டிலேயே உண்டு. நியாயமான கேள்விதான். பெண் ஆடிக்கொண்டு வருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தக் காலத்தில் குனிந்த தலை நிமிராமல் மணையில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் வெட்கத்தினால்தான் குனிந்திருந்தார்கள் என்று நான் நம்புகிறவன் அல்ல. ஆடட்டும். என் சண்டை வேறு. அதற்கு வருமுன் ஒரு பெரியம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எங்கள் பெரியம்மா ஒருத்தி. எழுத்து வாசனை அதிகம் கிடையாது. ஆனால் நலங்கு என்றால் மாவட்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அவளைத்தான் கூப்பிட்டுவிடுவார்கள். பெண்ணும் பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து தேங்காய் உருட்டுவார்கள். ஒருவர் தலையில் ஒருவர் அப்பளம் நொறுக்குவார்கள். இதெல்லாம் எங்கும் உள்ளது. பெரியம்மா செய்வது வேறு. முதல்நாள் மாலையே சம்பந்தி வீட்டார் தங்கிய ஜாகையில் போய் உட்கார்ந்துகொள்வாள். வெற்றிலை மென்றபடி பேச்சுக் கொடுப்பாள். மாப்பிள்ளையின் அத்தைக்கு எத்தனை தடவை காப்பி வேண்டியிருக்கிறது, சித்தப்பா தூக்கத்தில் யாரைத் திட்டுகிறார், கருமிப் பாட்டனார் தேங்காய் மூடியை எந்தத் துணியில் முடிந்து வைத்திருக்கிறார், அத்தனையும் சேகரமாகிவிடும். மறுநாள் ஏசல் பாட்டில் ஒவ்வொன்றாக வெளியே வரும். பேர் சொல்லி, ஊர் சொல்லி, அப்போதே கட்டிய பாட்டு. யாரைப் பாடுகிறாளோ அவர்களே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஒரு பாட்டை இன்னொரு கல்யாணத்தில் பாட முடியாது. பாடினால் அர்த்தமே இராது. ஒருமுறை சம்பந்தியம்மாள் நிஜமாகவே கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிட்டாள். பெரியம்மாவே இலையை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, தன்னைப் பற்றியே ஒரு ஏசல் கட்டிப் பாடிச் சாப்பிட வைத்தாள். அதற்குப் பிறகு இருவரும் சாகிறவரை சிநேகிதம்.

மொய் நோட்டும் அப்படித்தான். மண்டப வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் வெறும் கணக்குப்பிள்ளை இல்லை. வருகிறவரின் முகத்தைப் பார்த்ததும் ஊர், தகப்பனார் பெயர், கடைசியாக அவர் வீட்டில் நடந்த விசேஷத்துக்கு நாம் செய்தது என்ன என்பதெல்லாம் அவர் மனதில் ஓடும். “மூக்கன் மகன்தானே? அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்றே, எப்படி இருக்கிறார்?” என்று கேட்டுக்கொண்டே எழுதுவார். இப்போது அந்த மேசையில் கியூ.ஆர். கோடு அச்சடித்த ஒரு சின்ன அட்டையை நிறுத்தியிருக்கிறார்கள். பணம் வந்து சேருகிறது. சில்லறைத் தகராறு இல்லை. மூக்கனின் கண்ணைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை.

இதைச் சொன்னதும் பழமைப் பித்தர்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொள்ள ஓடி வருவார்கள். அவர்கள் சற்று நிற்கவேண்டும். பழைய கல்யாணத்தில் பந்தலுக்கு மூங்கில் கொண்டுவந்தவனும், துணி விரித்தவனும், பானை சுமந்து வந்தவனும் எங்கே சாப்பிட்டார்கள், எப்போது சாப்பிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த ‘எல்லாரும் கூடிச் செய்த’ கல்யாணத்தில் எல்லாரும் என்ற சொல்லுக்கு வேலி உண்டு. இன்னும் பின்னால் போய்ச் சங்க காலத்தில் ஒதுங்கலாம் என்றால் அங்கேயும் பூரண நிம்மதி இல்லை. அகநானூற்றின் 86-ஆவது பாட்டில் ஒரு கல்யாணம் வருகிறது. பந்தலில் புது மணல், விளக்கு, மாலை, உளுந்து சேர்ந்த சோறு. விடியற்காலத்தில் பெண்ணை நீராட்டுகிறார்கள். அக்கினியும் இல்லை, புரோகிதரும் இல்லை என்று தமிழன்பர்கள் பெருமையோடு எடுத்துக் காட்டுகிற பாட்டு. பெருமை நியாயந்தான். ஆனால் அந்தப் பெண்ணின்மேல் பூவும் நெல்லும் கலந்த நீரைச் சொரிகிறவர்கள் யார்? பிள்ளை பெற்ற, நகை பூண்ட மகளிர் நால்வர். நீர் சொரியும் தகுதி இல்லாத பெண்கள் அன்றும் பந்தலுக்கு வெளியே எங்கோ நின்றுகொண்டுதான் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றிப் பாட்டில் ஒன்றும் இல்லை.

இப்போது என் சண்டைக்கு வருகிறேன்.

அக்காளின் புருஷர் இறந்தபோது மூத்தவளுக்கு ஆறு வயது, இளையவளுக்கு மூன்று. தமிழ்நாட்டில் 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் விரிவடைந்தபோது, அதன் வேலைகளில் கணவனை இழந்த பெண்களுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். அந்த வழியில் பிற்பாடு அக்காளுக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் அமைப்பாளர் வேலை கிடைத்தது. சம்பளம் சொற்பம். இருபது வருஷமாகத் தினமும் அரிசி அளந்து, பருப்பு அளந்து, முட்டை எண்ணி, ஊரார் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுத்தான் தன் இரண்டு பெண்களைப் படிக்க வைத்தாள். இதைச் சொல்லி யாரையும் அழவைக்க எனக்கு விருப்பமில்லை. அது முப்பத்தோராவது அம்சத்தின் வேலை. கேள்வி ஒன்றே ஒன்று. இந்தப் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கவேண்டியவர் யார்?

படிவத்தின் பதினோரு பக்கத்தையும் புரட்டினேன். பெண்ணின் செல்ல நாய்க்குப் பட்டுத்துணி கட்டி மேடைக்கு அழைத்து வருவது பதினான்காவது அம்சமாக இருந்தது. தாரை வார்ப்பவர் யார் என்பது இல்லை. நிபுணரைக் கூப்பிட்டேன். நாற்பத்து மூன்றாவதாக ஒன்று சேர்க்க முடியுமா என்று கேட்டு விஷயத்தைச் சொன்னேன். முதல் தடவையாக அவள் உடனே பதில் சொல்லவில்லை.

“சார், அது ஃபேமிலி மேட்டர். அதுக்குள்ளே நாங்க வரமாட்டோம்” என்றாள். பிறகு ஆறுதலாக, “அம்மாவுக்கு ஒரு டிரிப்யூட் வீடியோ பண்ணிடலாம் சார், ரொம்ப எமோஷனலா இருக்கும்.”

அவளைக் குறை சொல்வதற்கில்லை, உள்ளதைச் சொன்னாள். இந்த நிபுணத்துவத்தின் எல்லைக்கோடு அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. மேசை விரிப்பின் நிறத்தை மாற்றலாம். பூவை மாற்றலாம், பாட்டை மாற்றலாம், இலையில் விழும் பதார்த்தத்தை மாற்றலாம். மணையில் யார் உட்காருவது, யார் தூணுக்குப் பின்னால் நிற்பது என்பதை மட்டும் தொடக்கூடாது. அதைத் தொட்டால் யாராவது கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொண்டால் பில் பாக்கி நிற்கும். யாருடைய மனமும் கோணாதபடி ஒரு கல்யாணத்தை எப்படிச் ‘சொந்தம்’ ஆக்குவது? பாத்திரம் பண்டத்தில்தான் ஆக்கமுடியும். வருஷக்கணக்காகப் பணம் சேர்த்து நாம் வாங்குவது அதைத்தான்.

இதே தமிழ்நாட்டில் கல்யாணத்துக்கு நிஜமாகவே சொந்த முத்திரை போட்டவர்கள் இருந்தார்கள். சுயமரியாதைக் கல்யாணக்காரர்களைச் சொல்கிறேன். புரோகிதர் இல்லாமல், ராகுகாலம் பார்க்காமல், ஒலிபெருக்கியின் முன்னால் நின்று மாலை மாற்றிக்கொண்டார்கள். அந்த மேடைகளில் எத்தனையோ நீண்ட பிரசங்கங்களை நான் பசியோடு கேட்டிருக்கிறேன். சில வீடுகளில் அதுவும் ஒரு சடங்காகக் காய்ந்துபோயிற்று. இருந்தாலும் அவர்கள் கொடுத்த விலை சாமானியமல்ல. 1950-களில் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய கல்யாணம் சட்டப்படி செல்லாது என்றது. செல்லாது என்றால் மனைவி மனைவியல்ல, பிள்ளைக்குச் சொத்துரிமை இல்லை. அண்ணாதுரை அரசு 1967-இல் கொண்டுவந்து 1968 ஜனவரியில் அமலான திருத்தச் சட்டந்தான், முன்பு நடந்தவற்றையும் சேர்த்து, அந்தக் கல்யாணங்களைச் செல்லுபடியாக்கியது. உற்றார் நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாகத் தெரிந்த மொழியில் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலே போதும். ஒரு குடும்பம் இப்படிச் செய்தபோது சொந்தக்காரர்களில் பாதிப்பேர் வரவில்லை. வந்தவர்களில் பாதிப்பேர் சாப்பிடவில்லை. முத்திரை என்றால் அப்படி எங்கேயாவது அழுந்தத்தான் செய்யும்.

சடங்கோடுதான் செய்வோம் என்கிறவர்களுக்கும் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. 1955-ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டம் அவரவர் வழக்கப்படி சடங்கு நடக்கட்டும் என்கிறது. தாரை வார்க்கிறவள் சுமங்கலியாக இருக்கவேண்டும் என்று அதில் எந்தப் பிரிவும் இல்லை. 2024 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சடங்கு எதுவும் செய்யாமல் சான்றிதழ் மட்டும் வாங்கி வைத்திருந்த இரண்டு விமானிகளின் வழக்கு. கல்யாணம் என்பது ஆட்டமும் பாட்டும் தீனியும் குடியும் வரதட்சணையும் அல்ல, மனப்பூர்வமான ஒரு காரியம் என்று நீதிபதிகள் எழுதினார்கள். அந்தத் தீர்ப்பைப் பல வீடுகளில் மெச்சிக்கொண்டார்கள். எங்கள் வீட்டிலும் மெச்சினோம்.

பிறகு என்ன தடை? நான் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தேன். புரோகிதர், “எனக்கு ஆட்சேபமே கிடையாது, சம்பந்தி வீட்டார் சரியென்றால் நடத்திவைக்கிறேன்” என்றார். சம்பந்தியைக் கேட்டேன். நல்ல மனிதர், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். “நாங்க எதுக்குங்க குறுக்கே நிக்கப் போறோம்? உங்க பக்கத்துப் பெரியவங்க என்ன சொல்றாங்களோ, அப்படியே” என்றார். எங்கள் பக்கத்துப் பெரியவர் யார் என்று யோசித்தேன். நான்தான்.

மருமகள் சொன்னாள்: “அம்மாவிடம் நான் நாலு தடவை கேட்டுவிட்டேன் மாமா. நீங்கள் சொன்னால் கேட்பாள்.”

சொன்னேன். அக்காள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, “வேண்டாம் தம்பி. நாளைக்கு அவளுக்கு ஒரு தலைவலி வந்தாலும் என் கையால் வந்தது என்பார்கள். அவர்கள் சொல்லாவிட்டாலும் நான் நினைத்துக்கொள்வேன்” என்றாள்.

இன்னொரு தடவை கேட்டிருக்கவேண்டும். இன்று சில வீடுகளில் தாய் தனியாகவே நின்று தாரை வார்க்கிறாள். நானே இரண்டு கல்யாணங்களில் பார்த்திருக்கிறேன். என் கதைகளில் இந்த மாதிரி இடத்தில் ஒரு பாத்திரம் எழுந்து நின்று நாலு வார்த்தை கணீரென்று பேசும். வாசகர்கள் பாராட்டிக் கடிதம் போடுவார்கள். அன்றைக்கு நான் கீரையை ஒரு கைப்பிடி எடுத்து உருவ உதவி செய்துவிட்டு எழுந்து வந்தேன்.

முகூர்த்தத்தில் தாரை வார்த்தவர்கள் பெங்களூரிலிருந்து முதல்நாள் இரவு வந்து சேர்ந்த சித்தப்பாவும் சித்தியும். பெண்ணை அவர்கள் பிறந்ததிலிருந்து நாலைந்து தடவை பார்த்திருக்கலாம். சித்திக்குப் பெண்ணின் நட்சத்திரம் தெரியவில்லை. புரோகிதர் கேட்டபோது என்னைத் திரும்பிப் பார்த்தாள். மண்டப வாசலில், இருபத்தேழாவது அம்சத்தின்படி, என் அத்திம்பேரின் படம் மல்லிகையும் மின்விளக்குமாக ஜொலித்துக்கொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். இறந்துபோனவருக்கு வாசலிலேயே இடம் கிடைத்தது. அவர் இறந்துபோன காரணத்தால் அவர் மனைவிக்கு மேடையில் இடமில்லை. இதைக் கவனித்ததாக யாரும் சொல்லவில்லை.

முதல்நாள் வரவேற்பில் அந்த வீடியோவும் ஓடியிருந்தது. ஆறு நிமிஷம். அக்காள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற காட்சியை நிஜமாகவே போய் எடுத்திருந்தார்கள்; பின்னணியில் வயலின். எண்ணூறு பேர் கைதட்டினார்கள். எனக்கும் கண் கலங்கிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். அக்காளைத் தேடினேன். சமையற்கட்டில் நின்று, இரண்டாம் பந்திக்கு இலை பற்றுமா என்று எண்ணிக்கொண்டிருந்தாள். வீடியோ முடிந்துவிட்டது என்றேன். “அப்படியா? பாயசத்துக்குச் சொல்லியாச்சா?” என்று கேட்டாள்.

நான் மேடையேறிப் பேசவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

இளையவளுக்கு வருகிற தை மாதம் நிச்சயமாகியிருக்கிறது. அவளே பார்த்துக்கொண்ட பையன். கதை எழுதித் தரும்படி என்னை யாரும் கேட்க வேண்டியிராது. போன வாரம் வேறொரு நிபுணரிடமிருந்து வேறொரு படிவம் வந்திருக்கிறது. இதில் ஐம்பத்தாறு அம்சங்கள். அதைத் தாளில் அச்செடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே இருந்த வெற்றிடத்தில், ‘தாரை வார்ப்பவர்: பெண்ணின் தாயார்’ என்று மையால் எழுதி, எதிரே நானே ஒரு சதுரமும் போட்டு, அக்காளுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். சதுரத்தை அவள்தான் நிரப்பவேண்டும். இளையவள் தினமும் கேட்கிறாளாம். நானும் இரண்டு தடவை கேட்டாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போகிறேன்.